முதல் நோன்பும் மாமாவின் தண்ணீரும்

நோன்பு மாதத்தில் சூலியா தெருவில் கஞ்சி வாசம் எழுந்தாலே எனக்கு மாமா ஞாபகம் வந்துவிடும். அவர் என் உம்மாவின் தம்பி. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதால் எங்களோடுதான் இருந்தார். நாள் விட்டு நாள் ஆயர் ஈத்தாமில் உள்ள மையத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவார். நோன்பே பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொடுத்து வைத்த மனுஷன் என்று சிறு வயதில் ஒரு நாள் எனக்கு உள்ளுக்குள் ஒரே எரிச்சல். காரணம், அன்றுதான் நான் முதல்முதலாக முழு நோன்பு பிடித்திருந்தேன். மாலை வரை தாக்குப் பிடிக்காவிட்டால் அக்காமார் மானத்தை வாங்கிவிடுவார்கள்.

மாமாவுக்கு டாக்டர் சொன்ன அளவுத் தண்ணீர்தான். காலையில் உம்மா ஊற்றிக் கொடுப்பதில் பாதியை அவர் ஐஸ் கட்டியாக்கி வைத்துக்கொள்வார். வாயில் போட்டால் நெடுநேரம் இருக்குமாம். அன்று மத்தியானம் அப்படி ஒரு கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தவரை நான் கண்கொட்டாமல் பார்த்தேன்.

"மாமாவுக்கு ஜாலி லா. நோன்பு இல்ல."

"ஆமா லா, ஜாலிதான்" என்றார். ஆனால் மிச்சக் கட்டிகளைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்துவிட்டு, கேரம் பலகையை எடுத்துப் போட்டார். மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அவரும் ஒரு சொட்டு குடிக்கவில்லை. ஆட்டத்தில் வேண்டுமென்றே என்னிடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

நடுவில் ஒன்றுக்குப் போனேன். கொஞ்சமாக, அடர் மஞ்சளாகப் போனது. பயந்துபோய் மாமாவிடம் வந்து சொன்னேன்.

"உள்ள தண்ணி பத்தலன்னு கிட்னிக்குத் தெரிஞ்சுபோச்சுடா. அதான் வெளிய விடாம பிடிச்சு வச்சிருக்கு. நிறைய குடிச்சா அதுவே வேண்டாததைத் தள்ளிவிட்டுடும். உன்னுது நல்ல கிட்னி" என்றார். ஏதோ பரிசு வாங்கியதுபோல இருந்தது எனக்கு.

பாங்கு சொன்னதும் ரோஜா சிரப் கலந்த தண்ணீரை மடக்மடக்கென்று மூன்று கிளாஸ் குடித்தேன். மாமா தம் சின்னக் கோப்பையைக் கஞ்சி முடியும்வரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் முட்டிக்கொண்டு வர, கழிவறைக்கு ஓடினேன். வெளியே வந்தால் மாமா நிற்கிறார்.

"நிறைய போச்சா?"

"ம்."

"என்ன கலர்?"

"தண்ணி மாதிரி."

"மாஷா அல்லாஹ்" என்றார், பரீட்சையில் நான் முதலாவதாக வந்ததைக் கேட்டவர்போல. அக்காமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நோன்பை முடித்த பெருமையெல்லாம் போயிற்று.

"உம்மா, மாமா அசிங்கமா கேக்குறாங்க" என்று அழுதேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் தம்பியை ஒரு பிடி பிடிக்கும் உம்மா, அன்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு உம்மாவின் மேலும் கோபம் வந்தது.

பாவம் மனுஷன். அவருக்குச் சிறுநீர் வருவது அடியோடு நின்று வெகுநாளாகியிருந்தது. எனக்கு அது தெரியாது. கேலி செய்கிறார் என்றே நினைத்தேன்.