வேற நாட்டுக்காரர்

என் கொழுந்தனார் இருபத்தைந்து வருடம் கழித்துச் சயாமிலிருந்து திரும்பி வந்திருக்கிறார். இன்றைக்குச் சந்தையில் என் மிளகுக் கடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"அங்க துணிக்கடை வெச்சுப் பொழைக்க முடியலீங்க அண்ணி. கடைப் பலகையில அவங்க எழுத்துதான் இருக்கோணும். வேலைக்கும் அவங்க ஆளைத்தான் வெக்கோணும். கடையே உள்ளூர்க்காரன் ஒருத்தன் பேர்லதான் நடந்துச்சு. எதுக்குப் போனாலும் நீ வேற நாட்டுக்காரன்னு சொல்லிப்போடறாங்க."

"அப்படீங்களா தம்பி" என்றேன்.

நான் அரியூர் நாட்டில் பிறந்து குண்டூர் நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; இரண்டும் இதே மலைதான். இவர் கப்பலேறுவதற்கு முந்தின வருடம், இந்தச் சந்தையில் மிளகு விற்க நான் இடம் கேட்டேன்.

"அண்ணி வேற நாட்டுக்காரி, இங்க கடை போட ஆவாதுங்க" என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னவர் இவர்தான். அன்றைக்குச் சிவப்புத் துண்டு போட்டிருந்தார். எனக்கு இடம் கிடைக்க ஆறு வருடம் ஆனது.

இப்போது இவருக்கு இங்கே துணிக்கடை போட வேண்டுமாம். இத்தனை காலம் வெளியே இருந்தவருக்கு, சந்தையில் கடை வைத்திருக்கும் ஒருவர் பொறுப்பேற்றால்தான் இடம் என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க அண்ணி."

"சொல்றேன் தம்பி. சயாமுல செஞ்ச மாதிரியே செஞ்சுக்கலாம். கடை எம் பேர்ல இருக்கட்டும்."

"வெளையாடாதீங்க அண்ணி."

"பலகையில எம் பேரைப் பெருசா எழுதிப்போடுங்க. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பலகைக்கு அன்றைய துண்டின் சிவப்பு எடுப்பாக இருக்குமா, சொல்லுங்கள்.