விமானச் சக்கரத்தில் யார் உளுந்து?

தலைவரே, அந்த விமானத்தைக் கவிழ்த்தது நீங்கள்தான். என் அண்ணன் ஏழுமலை அல்ல.

போன வாரம் எங்கள் ஊர்க் கரும்புக்கு மருந்தடிக்க ட்ரோன் வந்தது. மருந்து வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய நாள் வந்து நின்றது. உங்களுக்கு வாய் வந்தது.

"ஏழுமல, உன் உளுந்த ஓரமா எடுத்துக்கடா. இதையும் கவுத்துடப் போற."

ஊரே சிரித்தது. பேரன் முன்னால் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

விஷயம் தெரியாத நண்பர்களுக்குச் சொல்கிறேன். நானும் அண்ணனும் இளவட்டமாக இருந்த காலத்தில் மூங்கில்துறைப்பட்டு பக்கம் மருந்தடிக்கக் குட்டி விமானம் வரும். எங்கள் ஏரியோரம் மேய்ச்சல் நிலத்தை மட்டமாக்கி ஓடுபாதை போட்டிருந்தார்கள். மருந்து கலக்கத் தண்ணீர் தூக்குவது என் வேலை. விமானத்தைத் தொட்டவன் என்ற கெத்து வேறு. பெண் பார்க்கப் போன வீட்டிலும் முதலில் அதைத்தான் சொன்னேன். பெண் கொடுக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு மட்டமான தரையைக் கண்டால் கை சும்மா இருக்காது. தார் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பிவிட்டு, பஸ் ஏறி மணி உதிரட்டும் என்று காத்திருப்பவர்கள். ஊராட்சித் தலைவரான நீங்கள் ஓடுபாதையைப் பார்த்தீர்கள்.

"பஸ்ஸுக்கே உதுருது. ப்ளேனு ஏறுனா இன்னா ஆவும்? காத்தாடி தூத்தியும் குடுத்துடும். விரிங்கடா."

"பைலட்டு திட்டப் போறாருங்க" என்றார் அண்ணன்.

"நான் சொல்லிக்கினு இருக்கேன் இல்ல?"

நடுவில் உங்கள் உளுந்து, முழங்கால் உயரத்துக்கு. ஓரத்தில் அண்ணனுடையது, ஒரே கட்டு. பைலட் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். அந்த விமானம் தரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். எதிரே யானை நின்றாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

விமானம் கிளம்பி ஓடியது. செடி சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. ஒரு பக்கமாக இழுத்துப்போய் வரப்பில் முட்டி, வாலைத் தூக்கி நின்றது. பைலட் தலையெல்லாம் உளுந்து நெற்றோடு இறங்கினார். அடி இல்லை, ஆத்திரம்தான்.

"யாருது இது?"

"ஏழுமலையுதுங்க. சொன்னா கேக்க மாட்டான்" என்றீர்கள்.

அன்றிலிருந்து அண்ணன் பெயர் 'ப்ளேன் கவுத்தான்'. கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் ஏழுமலை.

விமானம் அப்புறம் வரவேயில்லை. ஓடுபாதை வீட்டு மனையாகிவிட்டது. உளுந்து போடுகிறவர்களும் இல்லை. கல்வராயன் மலையடிவாரம் வரைக்கும் மரவள்ளியும் மக்காச்சோளமும்தான். அந்தப் பெயர் ஒன்றுதான் போகவில்லை.

எல்லோரும் பைலட்டைச் சுற்றி நின்றபோது, நீங்கள் சக்கரத்தடியில் குந்தி, உதிர்ந்த உளுந்தைத் துண்டில் அள்ளிக்கொண்டிருந்தீர்கள். தண்ணீர்க் குடத்தோடு நான் பார்த்தேன். அடுத்த கிராமசபையில், ஊர் முன்னால், மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள். அது ஏழுமலையின் உளுந்து என்றால், உங்கள் துண்டில் ஏன் அள்ளினீர்கள்?