நாலுக்கு ஒன்று

டிவியில் போர்க் கைதிகளை மாற்றிக்கொள்ளும் செய்தி வந்தால், "நம்மாளு ஒருத்தனுக்கு அவனுக ஆளு நூறு பேரா? கேவலம்" என்று எவனாவது சொல்வான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி ஒரு கேவலத்தில் திரும்பி வந்தவர் என் அப்பா.

அப்போது எனக்கு எட்டு வயது. புதூர் பக்கம் எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் கண்மாய்த் தண்ணீருக்காக அடிதடி. ஆட்டைத் தேடிப் போன அப்பாவை அவர்கள் பிடித்துப் பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் அடைத்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் மினி பஸ்ஸை மறித்து அவர்களில் நாலு பேரை இறக்கிப் பூட்டினார்கள். அம்மா அடுப்பே மூட்டவில்லை.

அம்மாவின் அண்ணன்தான் பஞ்சாயத்துத் தலைவர். தேர்தலுக்கு ஒரு மாதம் இருந்தது. நாலு பேரையும் விட்டால் அப்பாவை விடுவதாக அவர்கள் சொல்லியனுப்ப, மாமா சரி என்றார். இளவட்டங்கள் குதித்தார்கள்.

"தங்கச்சி புருசனுக்காவ ஊர விக்கியளா அண்ணாச்சி?"

"ஆமாலே, விக்கேன். நாளைக்கு அங்கன உங்கய்யா கெடந்தாலும் விப்பேன்."

ஆனால் மழை பெய்யட்டும் என்று இரண்டு நாள் இழுத்தார். ஊரே பயந்தாங்கொள்ளி என்று ஏசியது. நானும்தான்.

மூன்றாம் நாள் மழை. எல்லைப் புஞ்சையில் அந்த நாலு பேரும் இங்கிருந்து போக, அப்பா அங்கிருந்து வந்தார். நனைந்த கரிசல் மண் மிதித்த காலை விடாது. அந்த நாலு பேரும் தள்ளாடி நடந்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா கரையேறியதும் எங்கள் இளவட்டங்கள் கம்போடு அவர்களை விரட்டினார்கள். விரட்டியவர்களாலும் சேற்றில் பத்தடிகூட ஓட முடியவில்லை. ஒருவன் குப்புற விழுந்தான். மாமா எதற்காக மழைக்குக் காத்திருந்தார் என்பது எனக்கு விளங்கப் பல வருடம் ஆனது.

அடுத்த வாரமே அந்த ஊர்க்காரர்கள் தண்ணீர் பற்றிப் பேச வந்தார்கள். அப்பா இன்றும் தானே ஆடு பத்திக்கொண்டு போகிறார். மாமா போட்ட பிச்சை அது. சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்தத் தேர்தலில் மாமா தோற்றார். ஜெயித்தவர் கொடுத்த சரவெடியை வாங்கி மாமா வீட்டு வாசலிலேயே கொளுத்தினேன். அப்பா அடிக்கக் கை ஓங்கினார்.

"விடுங்க மாப்ள. பச்சப்புள்ள, போடட்டும்" என்று மாமா அந்தக் கையைப் பிடித்தார். அப்பா அழுதார். வெடிச் சத்தத்துக்கு இவ்வளவு பெரிய ஆள் அழுவாரா என்றுதான் நினைத்தேன்.

சரம் பாதியில் அணைந்துபோனது. மாமாவிடமே தீப்பெட்டி கேட்டேன். எடுத்துக் கொடுத்தார்.