பதினொன்றுக்கு எட்டு வாக்கில் வளர்ந்த காடு

கிரான்விக் ஊர்ப் பால்பண்ணையை மூடியபோது டாக்னி நெஸ்லுண்டுக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடம் அங்கே பாலில் கிருமி எண்ணியவள். அதே சமயம் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, அலுக்காமல், இட்டுக்கட்டாமல் எண்ணத் தெரிந்த ஆள். சோதனைக்கு வந்திருந்த பட்டதாரிகளில் ஒருவர் பத்தாவது நிமிடம் கழுத்தைத் தேய்த்தார். இன்னொருவர் இருபதாவது நிமிடம் காபி கேட்டார். டாக்னியைச் சாப்பாட்டு நேரம் தாண்டிப் பேராசிரியர் ஸ்டெல்லான் தோளில் தட்டித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

ஏரியின் அடிச்சேற்றை நீளக் குழாயால் எடுத்து அவளிடம் கொடுப்பார்கள். பனிப்பாறை உருகி விலகிய நாளிலிருந்து காற்றில் வந்து விழுந்த மகரந்தமெல்லாம் அந்தச் சேற்றில் அடுக்கடுக்காக, கெடாமல் கிடக்கும். ஓர் அடுக்குக்கு ஐந்நூறு துகள் எண்ணி இனம் பிரித்தால், அந்தக் காலத்தில் எந்தக் காடு நின்றது, எவ்வளவு குளிர் அடித்தது என்று சொல்லிவிடலாம். பழைய பால்பண்ணையின் மாடி அறையிலேயே அவளுக்கு மேசை போட்டுக் கொடுத்தார்கள்.

ஆறு வருடம் அவளால் யாருக்கும் தொந்தரவில்லை. 1984-இல் ஊர் மன்றம் விழா எடுக்கத் தீர்மானித்தது. அந்த ஊர் மொழியில் கிரான் என்றால் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம். ஊரின் முத்திரையில் ஸ்ப்ரூஸ், குப்பை வண்டியில் ஸ்ப்ரூஸ், பள்ளிப் பிள்ளைகளின் பாட்டிலும் ஸ்ப்ரூஸ். மன்றத் தலைவர் எவர்ட் புருமானுக்குச் சொந்தமாக மரம் அறுக்கும் ஆலை இருந்தது. வருடத்துக்கு நாற்பதாயிரம் ஸ்ப்ரூஸை அறுத்துத் தள்ளிய கையால், அழைப்பிதழில் ‘நம் மூதாதை மரம்’ என்று அவரே எழுதினார். சந்தைத் திடலில் நிறுத்த ஒரு கருங்கல்லும் தயாரானது: ‘பனி விலகிய நாள் முதல் ஸ்ப்ரூஸ். 10 000 ஆண்டுகள்.’

கல் செதுக்கி முடித்த பிறகுதான், அறிவியல் சான்று ஒன்றும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று யாருக்கோ தோன்றியது.

மார்ச் மாதம் உறைந்த ஏரியில் துளை போட்டார்கள். மன்றம் முழுவதும் காபிக் குடுவையோடு பனிமேல் நின்றது. ஆறு மீட்டர் சேறு வந்தது. அடிநுனியில் பனிப்பாறை விட்டுப்போன நீலக் களிமண். எவர்ட் அதைத் தொட்டுக் கண்கலங்கினார். கழுத்துப்பட்டையில் களிமண் ஒட்டிய அவர் படம் மறுநாள் செய்தித்தாளில் வந்தது.

டாக்னி நான்கு மாதம் எண்ணினாள். அடியில் புல்லும் குட்டை வில்லோவும். அதற்கு மேல் பிர்ச், பிறகு பைன். அதற்கும் மேலே, அவளே எதிர்பாராத ஒன்று, ஹேசல். கொட்டை காய்க்கும் அந்த ஹேசல் புதர் ஒன்றை இன்று பார்க்க வேண்டுமானால் தெற்கே ஒரு நாள் வண்டி ஓட்டவேண்டும். எட்டாயிரம் வருடத்துக்கு முந்தைய துகள், மூன்று முனை மழுங்கிய முக்கோணமாக, நேற்று உதிர்ந்ததுபோல் கண்முன் கிடந்தது. இந்தக் குளிர் ஊர் ஒரு காலத்தில் கதகதப்பாக இருந்திருக்கிறது என்பதை அன்று உலகத்தில் அவள் ஒருத்திதான் அறிந்திருந்தாள். யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. ஆனால் ஊர் கேட்டது ஸ்ப்ரூஸை. அது மேலடுக்குகளில்தான், மூவாயிரம் வருடத்துக்கு முன்புதான், திமுதிமுவென்று வந்து சேர்ந்திருந்தது.

எவர்ட் படியேறி வந்தார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

“சுத்தமா ஒண்ணுகூடவா இல்ல, டாக்னி?”

“கீழ அங்கொண்ணு இங்கொண்ணு இருக்கு. தூரத்துலேருந்து காத்துல வந்தது. அதைக் காடுன்னு சொல்ல முடியாது.”

“பைன் நெறைய இருக்காமே. ரெண்டுக்கும் ரெண்டு ரெண்டு காத்துப்பை இருக்கும், பாக்க ஒரே மாதிரிதான்னு ஸ்டெல்லான் சொன்னாரு.”

“ஸ்ப்ரூஸ் பெருசு. பைன் சிறுசு.”

“அப்போ நல்லா வளந்த பைனா பாத்து ஒரு நூறு…”

“நாலாங்கிளாஸ்ல என் கணக்கைப் பாத்து எழுதினியே, அப்பக்கூட நீ இவ்வளவு கேக்கல, எவர்ட்.”

அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “சரி, அது எங்கேருந்துதான் வந்துச்சு?”

“கிழக்கேருந்து. பின்லாந்து வழியா. அதுக்கு முன்னாடி ரஷ்யா.”

எவர்ட் எழுந்துபோய், வெளியே யார் காதிலும் விழாதபடி கதவைச் சாத்தினார்.

அடுத்த வாரம் மன்றம் ஐந்து மணி நேரம் கூடியது. முடிவில் கிரான்விக்கில் பத்தாயிரம் ஆண்டுகளாக ஸ்ப்ரூஸ் நிற்கிறது என்று பதினொன்றுக்கு எட்டு வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்த எட்டுப் பேரும் சேற்றுக்காக எதிர்க்கவில்லை. நீச்சல்குளக் கூரை விவகாரத்திலிருந்தே அவர்கள் எல்லாவற்றையும் எதிர்த்து வந்தார்கள். பார்வையாளர் வரிசையில் இருந்த டாக்னியிடம், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று எவர்ட் கேட்டார்.

“தீர்மானம் போட்டா மகரந்தம் வந்து ஒட்டிக்குமான்னு எனக்குத் தெரியாது,” என்றாள் அவள். “எதுக்கும் திரும்ப எண்ணிப் பாக்கறேன்.”

கேலி என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் நிஜமாகவே மூன்று வாரம் திரும்ப எண்ணினாள். இரண்டு துகள் வித்தியாசம் வந்தது. மன்றத்தின் முடிவுக்குப் பிறகு ஸ்ப்ரூஸ் இரண்டு துகள் குறைந்திருப்பதாகப் பணிவுடன் கடிதம் எழுதினாள். அது எப்படியோ மாவட்டப் பத்திரிகையில் வந்துவிட்டது. பக்கத்து ஊர்களெல்லாம் சிரித்தன.

கிரான்விக் சிரிக்கவில்லை. ரொட்டிக் கடையில், “என்ன டாக்னி, ஊர் பேரை ஹேசல்விக்னு மாத்திடலாமா?” என்றாள் கடைக்காரி. தேவாலயப் பாடல் குழுவில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வோர் இடம் காலியானது. அவள் எப்போதும்போல் பாடினாள். வீட்டுக்கு வந்து மேலங்கியைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, சமரசமாக, கல்லில் ஒரு பூஜ்யத்தை மட்டும் செதுக்கி எடுத்துவிடச் சொன்னார்கள். ‘1 000 ஆண்டுகள்’ ஆயிற்று. அந்த வழியாகப் போன டாக்னி நின்று பார்த்தாள்.

“இப்பவும் தப்பு. இன்னும் ரெண்டாயிரம் வேணும்.”

“எனக்கு எடுக்கத்தான் தெரியும். சேக்கத் தெரியாது,” என்றார் கல்தச்சர்.

மறு வருடத் தேர்தலில் எவர்ட் தோற்றார். காரணம் மகரந்தமில்லை, தெருவில் பனி அள்ளாதது. நவம்பரில் ஒரு மத்தியானம் மாடிப்படியில் அவர் மூச்சிரைப்பு கேட்டது. போவதற்கு வேறு இடமில்லாதவர்போல் வாசலில் நின்றார்.

“அந்த ஹேசலைக் கொஞ்சம் காட்டேன்.”

அவள் கண்ணாடித் தகட்டை வைத்து நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முதலில் தன் இமை மயிரைத்தான் பார்த்தார். பிறகு மூன்று முனையையும் விரல்விட்டு எண்ணினார்.

“எவ்வளவு சூடா இருந்திருக்கும்?”

“இப்ப இருக்கறதைவிட ரெண்டு டிகிரி கூட இருந்திருக்கலாம்.”

“அப்போ இங்க யாரு இருந்தா?”

“நான் மகரந்தம் மட்டுந்தான் எண்ணுறேன், எவர்ட்.”

“வேற தகடு இருக்கா?”

அதன் பிறகு செவ்வாய்தோறும் வந்தார். காபிக் கடையில் யாராவது ஸ்ப்ரூஸைப் பழைய மரம் என்று சொல்லிவிட்டால், ‘நேத்து வந்தது’ என்று கையில் ரொட்டியோடு எழுந்து நின்று மறுத்தார். பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஹேசல் நடச் சொல்லி மன்றத்துக்கு நான்கு மனு எழுதினார். பிர்ச்சையும் ஹேசலையும் பிரித்தறிய ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்தும் பாதி நேரம் தப்பாகவே சொன்னார்.

டாக்னிக்கு அவர் வருவது பிடித்திருந்தது. அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் இன்னும் பிடித்திருக்கும். முந்நூற்றுப் பன்னிரண்டாவது துகளில் இருக்கும்போதுதான், “டாக்னி, இது என்ன?” என்பார். அவள் நிமிர்ந்து பார்ப்பாள். காற்றுக்குமிழி என்பாள். பிறகு ஒன்றிலிருந்து தொடங்குவாள்.