மூன்றாவது ஆளைக் கேட்ட மிஸ்ஸி

யோகம் மிஸ்ஸி போய்விட்டார் என்று மனைவி தொலைபேசியில் சொன்னபோது நான் வயல் வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தேன். மண்வெட்டியைப் போட்டுவிட்டு அங்கேயே குந்திவிட்டேன். வாவியின் மேற்குக் கரையில், எங்கள் பகுதியின் குடும்பநல மருத்துவிச்சியாக இருபது வருடங்களுக்கு மேல் வீடு வீடாகப் போனவர். அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுதான் உண்டு. அது என் பிழையைப் பற்றியது.

அப்போது நான் அங்கே கிராம உத்தியோகத்தர். ஒருநாள் கன்னம் வீங்கிய பெண்ணொருத்தி அலுவலகத்துக்கு வந்தாள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தை. கணவனை அழைத்து ஏசினேன். பிள்ளையார் கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்ய வைத்தேன். "புள்ளைக்காகப் பொறுத்துப் போ மகள்" என்று அவளுக்குச் சொல்லி, இருவரையும் ஒரே சைக்கிளில் அனுப்பிவைத்தேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய பெருமையில் அன்று எனக்குச் சோறு கூடுதலாகவே இறங்கியது.

இரண்டு கிழமை கழித்துக் குழந்தையின் தோள் எலும்பு உடைந்தது. ஏணையிலிருந்து விழுந்ததாகத் தாய் சொன்னாள். யோகம் மிஸ்ஸி அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். சேலையில் கட்டிய ஏணை நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் தொங்கியது. அவர் அதட்டவில்லை. பாயில் அவள் பக்கத்தில் இருந்து, "அவன் அடிக்கக்குள்ள புள்ள எங்க இருந்திச்சு மகள்?" என்று கேட்டாராம்.

"என்ட கையிலதான் மிஸ்ஸி. புள்ளயத் தூக்கி வெச்சிருந்தா அடிக்கமாட்டாரு எண்டு நெனச்சன்."

மறுநாள் காலை மிஸ்ஸி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"ஐயா, புருசனக் கேட்டீங்க, பெண்சாதியக் கேட்டீங்க. மூணாவது ஆள ஒருத்தரும் கேக்கல்லயே."

"அது பேசத் தெரியாத புள்ள மிஸ்ஸி."

"அதுக்குத்தானே நாம இருக்கம்."

அந்தப் பெண் கொஞ்ச நாள் எங்காவது போய் இருக்கட்டும் என்று இழுத்தேன். "வீடு அவள்ர சீதனம். அவள் ஏன் போகோணும்? போறதெண்டா அவன் போகட்டும்" என்றார். பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் அவளோடு அலைந்து, அவன் அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்ற கட்டளை கிடைக்கும்வரை அவர் ஓயவில்லை. குடும்பம் பிரிக்கிறவள் என்று ஊர் பேசியது. "பேசட்டும் ஐயா, எலும்பு ஒட்டினாப் போதும்" என்றார்.

எலும்பு ஒட்டியது. மிஸ்ஸியின் செத்தவீட்டுக்குத் தாயும் மகளும் வந்திருந்தார்கள். பிள்ளைக்கு இப்போது பத்து வயது. தேநீர் கொண்டுவந்தவரைக் கூப்பிட நான் சட்டென்று கையை உயர்த்தினேன். பக்கத்தில் நின்ற பிள்ளை இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள். "அவளுக்கு ஒண்டும் ஞாபகமில்ல ஐயா. ஆனா இப்பிடித்தான்" என்றாள் தாய். மிஸ்ஸியின் உடலருகில் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

ஓய்வு பெற்ற பின்னும் சமாதானம் பேசச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். மிஸ்ஸியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு கேள்விதான். போன கிழமை வந்த கணவனும் மனைவியும் கற்பூரத்தோடேயே வந்திருந்தார்கள். "அடிக்கக்குள்ள புள்ள எங்க இருந்திச்சு?" என்று கேட்டேன். தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னவள்தான் பதில் சொன்னாள்.

"கட்டிலுக்குக் கீழ."

அன்று நான் கற்பூரம் கொளுத்தவில்லை.