மிதந்த பாவி

பாவம் குறைந்தால் பிழைப்பு போய்விடும் தொழில்கள் இரண்டு: ஒன்று போலீஸ், இன்னொன்று பாஸ்டர். நான் இரண்டாவது. மரக்காணம் உப்பளத்து ஓரமாக ஒரு கீற்றுக் கொட்டகைதான் என் சபை. ஞாயிறு தவறாமல் என்னைப் போலத் தொண்டை கிழியக் கத்துகிறவர்களுக்கும், அதை உட்கார்ந்து கேட்டுத் தொலைக்கிறவர்களுக்கும் நான் பட்ட பாடு புரியும்.

கை தூக்குங்கள்

சுனாமி வந்து போன சில வாரங்களில் கொட்டகை நிரம்பி வழிந்தது. பயம் செய்கிற ஊழியத்தை எந்தப் பாஸ்டராலும் செய்ய முடியாது. நானும் உற்சாகமாகி, "பாவிங்களை மீட்கத்தான் ஆண்டவர் வந்தாரு. இங்க யாரு பாவி? கை தூக்குங்க" என்றேன். ஒரு கைகூட எழவில்லை. அத்தனை பேரும் பக்கத்தில் இருந்தவரை ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலை. வாசலோரம் குந்தியிருந்த தன் புருஷன் ஏழுமலையைப் பார்த்துச் சொன்னாள்: "ஏங்க, உங்களத்தான் கேக்கறாரு."

யார் மன்னிப்பது?

கூட்டம் முடிந்ததும் ஏழுமலை தயங்கித் தயங்கி வந்தார். அலை வந்த அன்று காலையில் புருஷன் பெண்டாட்டி இருவரும் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். தண்ணீரைப் பார்த்ததும் இவர் ஓட்டம் பிடித்திருக்கிறார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அஞ்சலை ஒரு பனைமரத்தைக் கட்டிக்கொண்டு பிழைத்தாள். அன்றிலிருந்து வீட்டில் சோறு உண்டு, குத்தல் உண்டு, வேறு பேச்சு கிடையாது. "எனக்கெல்லாம் மன்னிப்பு உண்டா பாஸ்டர்?" என்று கேட்டார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஆண்டவர் சிலுவையில் எல்லோருக்குமாகச் சேர்த்துத்தான் பாடுபட்டார், அதில் நீங்களும் உண்டு என்று ஜெபித்து அனுப்பினேன்.

மறுநாள் நான் பல் விளக்குவதற்குள் அஞ்சலை வந்து நின்றாள். "ஆண்டவர் மன்னிச்சிட்டாருன்னு வூட்ல குதிக்கறாரு. வுட்டுட்டு ஓடனது என்னிய. மன்னிக்கறது மட்டும் அவரா பாஸ்டர்?"

தண்ணீர் தேடி

ஏழுமலை ஞானஸ்நானம் கேட்டார். எங்கள் சபையில் முழுக்குதான், ஒரு முடிகூட வெளியே தெரியக் கூடாது. வழக்கமாகக் கடலில் கொடுப்போம். அந்த வருஷம் கடலில் கால் வைக்க யாருமே தயாராயில்லை, என்னையும் சேர்த்து. கிளியனூர்ப் பக்கம் வேர்க்கடலை போட்டிருந்த ஒரு விவசாயியிடம் போய் பம்புசெட்டுத் தொட்டியைக் கேட்டேன். மனுஷர் நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னார். "குடுக்கறதுல ஒண்ணும் இல்லீங்க. பாவத்தையெல்லாம் கழுவி வுட்டீங்கன்னா, அந்தத் தண்ணி நேரா என் மல்லாட்டைச் செடிக்குத்தானே போவும்?"

அமுங்க மாட்டேன் என்கிறது

கடைசியில் உப்பளமே கதி என்றானது. நல்ல கோடை. பாத்திக்குப் பாய்ச்சத் தேக்கி வைத்த தண்ணீர் இடுப்பளவு நின்று, வெயிலில் சுண்டி, உப்பேறிக் கெட்டியாகிக் கிடந்தது. அதில் ஆள் மிதப்பான் என்பது உப்பளத்தில் எல்லோருக்கும் தெரியும். பாஸ்டருக்குத் தெரியாமலா இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையாம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பேரைச் சொல்லி ஏழுமலையைச் சாய்த்தேன். தலையை அமுக்கினால் கால் கிளம்பியது. காலை அமுக்கினால் தலை கிளம்பியது. வரப்பில் நின்று பாடிக்கொண்டிருந்த சபை, பாட்டை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தது.

ஏழுமலை சிரிக்கவில்லை. கண் எரிச்சலோடு என்னைப் பார்த்து, "வுட்டுடுங்க பாஸ்டர். தண்ணிகூட என்னை ஏத்துக்கல" என்றார். அப்போதுதான் அஞ்சலை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். "நீங்க தலையப் பாத்துக்கினு ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லி, புருஷன் நெஞ்சில் ஒரு கையும் முட்டியில் ஒரு கையும் வைத்து அமுக்கினாள். முழுசாக உள்ளே போனார். ஜெபம் முடிந்தும் அவள் கையை எடுக்காததால் நான்தான் அவசரமாக இன்னொரு ஆமென் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு அவர் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். "போதும், வாங்க. இந்த வாட்டியாவது என் கையப் புடிச்சிக்கினு கரையேறுங்க."

மீட்பு மேலே இருந்துதான் வருகிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் எங்கள் பக்கத்தில் அது சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வருகிறது.