இன்னாசி அத்தை நன்மை வாங்கிய ஞாயிறு

சூடேறிய இரும்புத் தட்டில் கோதுமைக் கரைசலை ஊற்றி அழுத்தும்போது 'சொய்ங்' என்று ஒரு சத்தமும், அதன் பின்னாலேயே இலேசாகக் கருகிய வாசனையும் கன்னியர் மடத்துச் சுவரைத் தாண்டித் தெருவுக்கு வரும். ஞாயிற்றுப் பூசையில் சாமியார் மந்திரித்து நாவில் வைக்கும் 'ஓஸ்தி' அப்பத்தை அங்கேதான் சுட்டார்கள். வட்டங்களை வெட்டியெடுத்தபின் மிஞ்சும் ஓரத்துணுக்குகளைப் புதுநன்மைக்கு, அதாவது முதன்முதலாக அந்த ஓஸ்தியை வாங்குவதற்கு, படிக்கும் எங்களுக்கு ஆளுக்கொரு பிடி கொடுப்பார்கள். அது உலகச் சண்டைக்காலம், ரேசன் அரிசி வாரக் கடைசிவரை தாங்காது. எட்டு வயதில் எப்போதும் பசித்துக்கொண்டே இருந்த எனக்கு அந்தப் பிடிதான் வெள்ளிக்கிழமையின் விருந்து.

எங்கள் வீட்டில் அப்பாவின் தங்கை இன்னாசி அத்தை இருந்தாள். இரண்டு வருடங்களுக்கு முன், கொழும்பிலிருந்து திரும்பிய தோணி புயலில் கவிழ்ந்து மாமா இறந்துபோனார். ஒரே பலகையைப் பற்றி அவரோடு மிதந்த சூசைத் தண்டல், அந்தத் தோணியை ஓட்டியவர், மட்டும் கரை சேர்ந்தார். மாமாவின் கை தன் பிடியிலிருந்து நழுவிவிட்டது என்று வந்து அழுதவரை அத்தை வாசலிலேயே நிறுத்தி, "கைய விட்டுட்டு வந்திட்டியளே" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள். அன்றோடு கோயிலையும் விட்டாள். தண்டல் சனிக்கிழமைதோறும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்புப் பெற்றும், ஞாயிறன்று கோயிலின் கடைசியில் நின்றுகொண்டு நன்மை வாங்க முன்னே போகாதிருந்தார். இன்னாசிப் பிள்ளை வாங்காமல் நான் வாங்கமாட்டேன் என்றாராம்.

என் புதுநன்மைக்கு வரச்சொல்லி அத்தையைக் கெஞ்சினேன்.

"குடுக்கவன் மாதிரி குடுத்துட்டுப் பறிச்சாம்லா? அவங்கிட்ட இனி எதுக்கு வாய் தெறக்கணும்?" என்றாள், சுவரில் தொங்கிய சேசு படத்தைப் பார்த்து.

அந்த வெள்ளிக்கிழமை நான் என் பிடியைத் தின்னாமல் பாவாடையில் முடிந்து கொண்டுவந்து அவள் மடியில் கொட்டினேன். அத்தை பதறி எழப் பார்த்தாள்.

"வெறும் ஓரம் அத்த. மந்திரிக்காதது."

"ஏளா, நீ தின்னியா?"

"இல்ல."

"பசிக்கலையா?"

"பசிக்கி. இது ஒங்களுக்கு."

ஒரு துணுக்கை எடுத்து வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு பாதியைப் பிட்டு என் வாயில் வைத்து, மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மாமா போனபோதுகூட எங்கள் முன் அழாதவள், அப்போது அழுதாள். "சும்மா குடுக்கத வாங்கவும் ஒரு மனசு வேணும் போல" என்றாள். மறுநாள் மாலை முக்காடிட்டுக்கொண்டு தனியே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள்.

ஞாயிறு. நன்மைக்கு மணி அடித்ததும் எல்லாரும் பீடத்தை நோக்கி நகர, அத்தை மட்டும் எதிர்த்திசையில், பெண்கள் ஒருபோதும் போகாத ஆண்கள் பக்கத்துக்குள், கடைசியில் நின்ற தண்டலை நோக்கி நடந்தாள். கோயிலே திரும்பிப் பார்த்தது.

"அண்ணே, ஏன் இங்கனயே நிக்கிய? வாங்க."

"எனக்கு என்ன தாயி தகுதி?"

"ஆருக்கு இருக்கு? வாங்க."

அவள் முன்னே வர, பெரிய உடம்பு குலுங்க அவர் பின்னே வந்தார். வெள்ளைக் கவுனோடு பீடத்து முன் தடுப்புக் கிராதியருகே முழந்தாளிட்டிருந்த நான் என் புதுநன்மையை எப்படி விழுங்கினேன் என்பது நினைவில்லை. எனக்குப் பின்னால் வாங்கித் திரும்பிய அத்தையின் முகந்தான் நினைவிருக்கிறது; சாத்திக்கிடந்த கதவு திறந்ததுபோல இருந்தது. அன்று மதியம் எங்கள் சோற்றில் பாதியைச் சட்டியோடு எடுத்துக்கொண்டு அவள் திரேஸ்புரத்தில் தண்டல் வீட்டுக்குப் போனாள். நாங்கள் அரைவயிறோடு இருந்தோம். யாரும் முணுமுணுக்கவில்லை.

பீடத்து முன்னிருந்த கிராதி இப்போது இல்லை. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்பதும் இல்லை. பாய்விரித்துக் கொழும்புக்குப் போன தோணிகள் போய்விட்டன. அத்தையும் தண்டலும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். நான் மட்டும் ஞாயிறு தவறாமல் போய் வரிசையில் நின்று கையில் வாங்குகிறேன். வாங்கித் திரும்பும்போது என் முகம் ஒருநாளாவது அத்தையின் முகம்போல இருந்திருக்குமா? பார்த்துச் சொல்லத்தான் யாருமில்லை.